வாயும் வயிறும்

'வாயும் வயிறுமா இருக்கா' என்று எங்கள் தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். முழுகாமல் இருக்கிறாள், உண்டாகியிருக்கிறாள், பிள்ளைத்தாச்சி, சூலி என்று கர்ப்பிணிக்குத் தமிழில் எத்தனையோ பெயர்கள். அவற்றில் பெரும்பாலானவை வயிற்றையோ தீட்டுக் கணக்கையோ சுட்டுபவை. இந்த ஒன்றில்தான் அவளுக்கு வாய் இருக்கிறது. வாய் என்றால் தின்கிற வாய் என்றே பொதுவாக அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். வாய்க்கு ருசியாகக் கேட்டதைக் கொடு, கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது வழக்கு. ஆனால் அதே வாய்தான் கக்குகிறது. அதே வாய்தான் பேசவும் செய்கிறது. தின்கிற வாயைக் கொண்டாடிய நம் பண்பாடு மற்ற இரண்டு வாய்களையும் என்ன செய்தது என்பது இக்கட்டுரையின் கேள்வி. இதை எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு இதற்கு 'ஆய்வு' என்று பேர் வைத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

என் முதல் கர்ப்பத்தில் ஏழாவது வாரம் ஆரம்பித்தது. காலையில் மட்டும் வரும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிற குமட்டல் அல்ல அது. விடியற்காலம், உச்சி, நடுச்சாமம் என்று கணக்கில்லை. திரேஸ்புரத்துப் பக்கமிருந்து கருவாடு காய்கிற வாசம் காற்றில் வந்தால் ஓங்கரிப்பு. குக்கர் விசில் அடித்தால் ஓங்கரிப்பு. கடைசியில் சொந்த எச்சிலை விழுங்கினாலே ஓங்கரிப்பு. 'ஒரு தம்ளர் குடிச்சா ரெண்டு தம்ளர் வருது' என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். மிகையணி என்று நினைத்திருப்பார். அவரும் தமிழ் படித்தவர்தான்.

ஊரில் பேர்போன ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டரை மணி நேரம் டோக்கனுக்குக் காத்திருந்து உள்ளே போனால் மூன்று நிமிடம். முதலில் ஸ்கேன். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே 'ஹார்ட் பீட் நல்லாருக்கு' என்றார். எனக்குத் தண்ணிகூட வயித்துல நிக்கல என்றேன். 'மூணு மாசம் அப்படித்தாம்மா. எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே. வாந்தி நல்லா எடுத்தா கரு நல்லா நிக்குதுன்னு அர்த்தம்' என்றார். நான் மறுபடி வாய் திறப்பதற்குள் என் மாமி பக்கம் திரும்பி, 'படிச்சவங்கதான் ரொம்பப் படுத்துறாங்க. மனச வேற எதுலயாவது திருப்பச் சொல்லுங்க' என்றார். மாமி தலையை ஆட்டினார்கள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது, 'டாக்டரம்மாவே சொல்லிட்டாவ, பொறவு என்னட்டி' என்றார்கள்.

இலக்கணத்தில் இடம் மூன்று: தன்மை, முன்னிலை, படர்க்கை. அறைக்குள் நுழையும்போது நான் தன்மை. நாற்காலியில் உட்கார்ந்ததும் முன்னிலை. மூன்றாவது நிமிடம், அங்கேயே உட்கார்ந்திருக்கும்போதே, படர்க்கை ஆகிவிட்டேன். 'திருப்பச் சொல்லுங்க' என்ற ஏவலில் என்னைப் பற்றி இன்னொருத்தரிடம் பேச்சு நடக்கிறது. இத்தனைக்கும் டாக்டரும் பெண், மாமியும் பெண். அதிகாரத்தின் பார்வைக்கு அதைப் பார்க்கிற ஆளின் பால் முக்கியமில்லை என்பதை எந்தக் கோட்பாட்டு நூலையும்விடத் தெளிவாக எனக்குச் சொன்னது அந்த அறைதான்.

டாக்டரம்மா சொன்னது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. மசக்கை இருக்கும் கர்ப்பங்களில் கருச்சிதைவு ஓரளவு குறைவாகவே காணப்படுகிறது என்பது மருத்துவ ஆய்வுகளில் உள்ள செய்திதான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பொதுவான ஒரு உண்மையைச் சொல்லி, எதிரே உட்கார்ந்திருக்கும் குறிப்பிட்ட உடம்பின் வாயை அடைக்க முடிகிறது. 'சகஜம்', 'நார்மல்' என்ற இரண்டு சொற்களை நாம் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். இயல்பு என்பது எண்ணிக்கையில் அதிகமாக இருப்பதா, இருக்க வேண்டியதாக மதிக்கப்படுவதா என்ற கேள்வியை ழார்ஜ் கான்கிலெம் 1943ஆம் வருட ஆய்வேட்டிலேயே எழுப்பினார். பலருக்கு வருவது என்பது ஒரு கணக்கு. வந்தால் பரவாயில்லை என்பது ஒரு மதிப்பீடு. கணக்கைச் சொல்கிற பாவனையில் மதிப்பீட்டைச் சொல்லி முடித்துவிடுகிறது 'நார்மல்'. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காலில் புண் வருவதும் சகஜம்தான். அதைச் சகஜம் என்று சொல்லும் வாய் யாருடையது, சம்பளம் கொடுக்கிறவனுடையதா வாங்குகிறவளுடையதா என்று கேட்க நமக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் மட்டும் அந்தக் கேள்வியைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிடுகிறோம்.

*

நம் பழைய பிரதிகளுக்கு வருகிறேன். தொல்காப்பிய உரியியல் 'வயா' என்ற சொல்லுக்கு வேட்கை மிகுதியைப் பொருளாகத் தருகிறது. கர்ப்பிணியின் ஆசை. அந்த ஆசை புறநானூற்றில் எப்படிப் பயன்படுகிறது என்று பாருங்கள். 20ஆம் பாட்டு, குறுங்கோழியூர் கிழார் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடியது. அவனுடைய மண்ணை வயாவுற்ற மகளிர் ஆசைப்பட்டு உண்பார்களே தவிரப் பகைவர்களால் உண்ண முடியாது என்பது புகழ்ச்சி. எம்.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது அழகு அழகு என்று அடிக்கோடு போட்டவள் நான். இப்போது வாசித்தால் பாட்டிலுள்ள பெண் எல்லைக்கல் மாதிரி தெரிகிறாள். அரசனின் நிலம் எவ்வளவு பத்திரம் என்பதற்கு அவள் வாய் சாட்சி. அவள் ஏன் மண் தின்கிறாள் என்பது பாட்டின் கவலை அல்ல, இருக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் நமக்கு அந்தக் கவலை வேண்டும். மண், சாம்பல், சிலேட்டுக்குச்சி தின்னும் ஆசைக்கும் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவதற்கும் தொடர்பு இருப்பதை மருத்துவம் அறிந்திருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை. அடுத்த முறை யாராவது மேடையில் அந்தப் பாட்டைச் சொல்லிப் பெருமைப்பட்டால் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைத்தமிழ் இன்னும் விசேஷம். குழந்தையின் மூன்றாம் மாதத்தில் காப்புப் பருவம் தொடங்குகிறது. பிறந்த மூன்றாம் மாதம். தாயின் மூன்றாம் மாதத்துக்கு நம்மிடம் பருவம் கிடையாது. செங்கீரை, தால், சப்பாணி என்று பிள்ளையின் ஒவ்வொரு அசைவுக்கும் பேர் வைத்த மரபு, அதைச் சுமந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற காலத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. 'மசக்கை' என்ற வழக்குச் சொல்லோ மயக்கத்தோடு உறவுடையது. அதிலாவது தலைசுற்றல் இருக்கிறது. இலக்கணம் பதிவு செய்யாமல் விட்டதைப் பேச்சு வைத்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் கரைக்கென்று ஒரு பிரதி உண்டு. 1542 அக்டோபர் 28 தேதியிட்டு, தூத்துக்குடியிலிருந்து பிரான்சிஸ் சவேரியார் உரோமுக்கு இக்னேஷியஸுக்கு எழுதிய கடிதம். முத்துக்குளித்துறையின் சரித்திரம் எழுதுகிறவர்கள் எல்லோரும் புரட்டுகிற கடிதம்தான். அதில் ஒரு பெண் வருகிறாள். வழியில் ஒரு ஊர். அங்கே ஒருத்தி மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் கிடக்கிறாள். பிழைக்க மாட்டாள் என்று பலரும் கைவிட்டுவிட்டார்கள். சவேரியார் அந்த வீட்டுக்குள் போகிறார், மொழிபெயர்ப்பாளன் மூலமாக விசுவாசத்தை எடுத்துச் சொல்கிறார், கிறிஸ்தவள் ஆக விருப்பமா என்று கேட்கிறார். விருப்பம்தான் என்கிறாள். ஞானஸ்நானம் கொடுக்கிறார், குழந்தை பிறக்கிறது. வீட்டில் எல்லோரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் தலைவனின் அனுமதி வேண்டும் என்று தயங்குகிறார்கள், வரி வசூலிக்க வந்திருந்த அதிகாரி அனுமதிக்கிறார், ஊரும் சேர்கிறது.

விசுவாசிகளோடு இதற்காக மல்லுக்கட்ட நான் வரவில்லை. என் ஆச்சி பனிமய மாதா தங்கத்தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டவள்தான். ஒரு பிரதியாக மட்டும் இதைப் பார்க்கிறேன். மூன்று நாள் வலி அந்தக் கடிதத்தில் ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது. அவளுக்குப் பேர் இல்லை. எங்கே வலித்தது, எப்போது பனிக்குடம் உடைந்தது, கூட இருந்த மருத்துவச்சி என்ன செய்தாள் என்பதற்கு அங்கே இடமில்லை. அவள் வாயிலிருந்து வந்ததாகப் பதிவாகியிருப்பது சம்மதம் மட்டும்தான், அதுவும் மொழிபெயர்ப்பாளன் வழியாக. எங்கள் கரையில் நான் அறிந்த முதல் சம்மதப் படிவம் இதுதான். ஐந்து நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவான காலம் கழிந்து, அரைமயக்கத்தில் கிடந்த என்னிடம் ஒரு தாளை நீட்டி 'இதுல ஒரு கையெழுத்து' என்றபோது எனக்கு அவள் ஞாபகம் வந்தாள். மிகையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வந்தாள்.

மாதாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூலியா கிறிஸ்தேவா 1977இல் எழுதிய கட்டுரை ஒன்று இரண்டு பத்தியாக அச்சிடப்பட்டது. ஒரு பத்தியில் கன்னிமரியாள் வழிபாட்டின் வரலாறு. பக்கத்துப் பத்தியில் தன் சொந்தப் பிள்ளைப்பேறு, உடைந்த வாக்கியங்களில். இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. கேஸ் ஷீட்டும் நோயாளியின் பேச்சும் பக்கம் பக்கமாக ஓடுவது மாதிரி எனக்குத் தோன்றியது. என்ன வித்தியாசம் என்றால், ஆஸ்பத்திரியில் இரண்டாவது பத்தியை யாரும் அச்சடிப்பதில்லை.

பிள்ளையை முத்து என்பதும் வயிற்றைச் சிப்பி என்பதும் நம் கவிதையில், தாலாட்டில், சினிமாப் பாட்டில் புளித்துப்போன உருவகம். முத்துநகர் என்று ரயிலுக்கே பேர் வைத்திருக்கும் ஊரிலிருந்து சொல்கிறேன், முத்துக்குளிப்பைப் பற்றிக் கேட்டு வளர்ந்த யாரும் இந்த உருவகத்தைத் தாயிடம் சொல்லத் துணியமாட்டார்கள். கடைசி முத்துக்குளிப்பு இங்கே 1961இல் நடந்தது. குளித்து எடுத்த சிப்பியைக் கரையில் குவியல் குவியலாகப் போட்டு அழுகவிடுவார்கள். புழு வைத்து, சதை கரைந்து, ஊரே நாறும். அப்புறம் அதைக் கழுவி அலசி முத்தைப் பொறுக்குவார்கள். சிப்பியை யாரும் திரும்பக் கடலில் விடுவதில்லை. சிப்பிக்குள் முத்து எப்படி வருகிறது என்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவில் ஆராய்ந்த ஹெர்ட்மேனும் ஹார்னெலும் ஒட்டுண்ணிப் புழு ஒன்றைக் காரணமாகச் சொன்னார்கள். அந்த விளக்கத்தின் மேல் பின்னால் விவாதங்கள் உண்டு. ஆனாலும் உறுத்துகிற ஒன்றைச் சமாளிக்கச் சிப்பி படும் பாடுதான் முத்து என்பதில் சந்தேகமில்லை. மழைத்துளி விழுந்து முத்தாகும் என்று பாடிய புலவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. நமக்குத் தெரிந்த பிறகும் அதே உருவகத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

*

நவீன இலக்கியத்திலாவது கக்குகிற வாய் இருக்கிறதா என்று தேடினேன். புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' நோயுற்ற மனைவியைப் பற்றிய நம் ஆகப்பெரிய கதை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கர்ப்பம் அல்ல அங்கே விஷயம், ஆனாலும் பாருங்கள்: செல்லம்மாளின் நோய் முழுக்கப் பிரமநாயகம் பிள்ளையின் பயத்தின் வழியாகவும் பணிவிடையின் வழியாகவும் வைத்தியரின் வருகை வழியாகவும்தான் நமக்கு வந்துசேர்கிறது. அவள் பேசினால் அது ஜன்னி. அந்தக் கதையின் மகத்துவமே பிள்ளையின் உள்ளத்தில்தான். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனின் மொழி நம்மிடம் இவ்வளவு தேர்ச்சியாக இருக்க, படுத்திருக்கிறவளின் மொழி ஏன் ஜன்னியாகவே நின்றுவிட்டது என்று கேட்கிறேன்.

ராஜம் கிருஷ்ணன் எங்கள் ஊருக்கு வந்து உப்பளத்தில் களப்பணி செய்து 'கரிப்பு மணிகள்' எழுதினார். கரிக்கும் உப்பில் வேகிற பெண்ணுடம்பைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தவர். அவரேதான் அதற்கு முன்னால் டாக்டர் ரங்காச்சாரியின் வரலாற்றையும் எழுதினார். சென்னை அரசு பொது மருத்துவமனை வாசலில் சிலையாக நிற்கும் அந்த மருத்துவர் நிஜமாகவே பெரிய மனிதர். ஆனால் நம் வாழ்க்கை வரலாற்று இலக்கியத்தில் வைத்தியரின் கதை காவியமாகவும் நோயாளியின் கதை அவர் குணமாக்கிய 'கேஸ்' ஆகவும்தான் வருகிறது. 2000த்துக்குப் பின் பெண் கவிஞர்கள் உடலை எழுதியபோது எழுந்த கூச்சலை நாம் மறந்திருக்க முடியாது. சல்மாவின் தொகுப்பில் பிள்ளை பெற்றுத் தழும்பு விழுந்த வயிறு பேசியது. அந்த விவாதத்தில் எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் காமத்தையே பேசினார்கள். உடல் என்றால் வேட்கை. தொல்காப்பியர் வயாவுக்குச் சொன்ன பொருளிலேயே எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம், நான் உட்பட. குமட்டல், மலச்சிக்கல், உள்ளங்கை அரிப்பு, ராத்திரியெல்லாம் தூங்கவிடாத நெஞ்செரிச்சல் இதெல்லாம் உடலரசியலில் சேராதா?

மருத்துவத்தின் கதையும் இதைவிட மேலில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உளப்பகுப்பாய்வுக்காரர்கள் கர்ப்பிணியின் கடும் வாந்தியைப் பிள்ளையை உள்மனசில் வெறுப்பதன் அடையாளம் என்று எழுதினார்கள். வாய்வழியாகக் கருவை வெளியே தள்ளும் முயற்சி என்றார்கள். 'மனச வேற எதுலயாவது திருப்பச் சொல்லுங்க' என்ற வாக்கியத்தின் பூர்வோத்திரம் அங்கே போகிறது. டாக்டரம்மாவுக்குத் தெரியாமலே அவர் வாயில் வியன்னா பேசியது. இதற்கு மறுகோடியில், கேட்டவுடனே மாத்திரை கொடுத்த கதையும் உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடைக் குமட்டலுக்கு ஆபத்தில்லாத மருந்து என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1961 கடைசியில் அது திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறுகிப் பிறந்தன. அந்தப் பயத்தில் மருந்துக் கம்பெனிகளும் டாக்டர்களும் ஒதுங்கியபோது பாரம் திரும்பவும் பெண்ணின் தலையில்தான் விழுந்தது: பொறுத்துக்கொள். டாக்சிலமினும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை பல வருடப் பரிசோதனைக்குப் பிறகு பாதுகாப்பானது என்று ஏற்கப்பட்டு, நம் மருந்துக்கடைகளிலும் கிடைக்கிறது. என் முதல் சீட்டில் அதுகூட இல்லை. சத்து மாத்திரை மட்டும் இருந்தது, அதையும் கக்கினேன்.

மார்லினா ஃபெய்ஸோ என்ற அமெரிக்க மரபியல் ஆய்வாளர் 1999இல் இதே நோயில் அசையமுடியாமல் கிடந்தார். கவனத்தை ஈர்ப்பதற்காக மிகைப்படுத்துகிறார் என்பது அவருடைய மருத்துவரின் எண்ணமாக இருந்தது என்று பின்னால் சொல்லியிருக்கிறார். அந்தக் கருவை இழந்தார். அப்புறம் தன் வாழ்நாள் ஆய்வையே அதன் மேல் வைத்தார். அவரும் கேம்பிரிட்ஜ் குழுவினரும் 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவு இது: கருவும் நஞ்சும் சுரக்கும் ஜி.டி.எஃப். 15 என்ற ஹார்மோன் தாயின் ரத்தத்தில் ஏறுகிறது. கர்ப்பத்துக்கு முன்னால் அது குறைவாக இருந்த பெண்ணின் மூளை அதைத் தாங்க முடியாமல் தவிக்கிறது. இந்த ஆய்வில் இலங்கை ஆய்வாளர்களும் பங்கெடுத்தார்கள். தலசீமியா உள்ள பெண்களுக்கு அந்த ஹார்மோன் முன்பிருந்தே அதிகம், அவர்களுக்குக் கர்ப்பகாலக் குமட்டல் மிகக் குறைவு என்பது முக்கியமான சான்றாக அமைந்தது. எங்கள் கடலுக்கு அக்கரையில் இருக்கிற பெண்கள் வாய் திறந்து 'எனக்கு வாந்தி வரலை' என்று சொன்னது விஞ்ஞானம் ஆகியிருக்கிறது. 'எனக்கு வாந்தி நிக்கலை' என்று இக்கரையில் சொன்னது படுத்துதல் ஆனது.

*

கோவில்பட்டியில் ஒரு வாசிப்புக் கூட்டத்தில் இதையெல்லாம் கொஞ்சம் பேசினேன். மூத்த தோழர் ஒருத்தர் கேட்டார்: 'தோழர், சாவைப் பத்திப் பேசுங்க. வாந்தியைப் பத்தி எதுக்கு? இது நடுத்தர வர்க்கத்துப் பிரச்னை.' நியாயமாகத்தான் கேட்டார், அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் 99 சதத்துக்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. 2018-20 கணக்குப்படி லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 54 தாய்மார் மரணம். இந்தியச் சராசரி 97. இது சாதாரணச் சாதனை இல்லை. முத்துலட்சுமி ரெட்டி பேரில் வருகிற 18,000 ரூபாய், வீட்டுப்படி ஏறி வருகிற செவிலியர், 108 வண்டி எல்லாம் சேர்ந்து செய்தது. இதைக் கொச்சைப்படுத்துகிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் பெண்ணை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்து சேர்ப்பதும் உள்ளே வந்தவளைக் கேட்பதும் வேறு வேறு. 1995இல் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் களப்பணி செய்த சிசிலியா வான் ஹாலென், பிரசவ வார்டில் பெண்கள் வாங்கிய ஏச்சையும் கேட்காமலே வைக்கப்பட்ட காப்பர்-டியையும் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்கள் யாரும் நடுத்தர வர்க்கம் அல்ல. உலகத்தில் ஆகப் பிரபலமான உடம்பைக் கொண்ட செரீனா வில்லியம்ஸ்கூட 2017இல் பிள்ளை பெற்ற மறுநாள், நுரையீரலில் ரத்தம் கட்டுகிறது, ஸ்கேன் எடுங்கள் என்று சொன்னபோது, வலி மருந்தில் உளறுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். கட்டி இருக்கத்தான் செய்தது.

வாந்தி வேறு சாவு வேறு என்று தோழர் பிரித்த கோடு அவ்வளவு தெளிவானதல்ல. தலைவலி சகஜம். கால் வீங்குவது சகஜம். கண் மங்கினால் ரத்தக்குறைவு என்பார்கள். ஆறாம் மாதத்துக்குப் பிறகு இந்த மூன்றும் சேர்ந்து, முகமும் கையும் வீங்கி, மேல்வயிற்றில் வலியும் வந்தால் அது ரத்த அழுத்தம் ஏறுவதன் அறிகுறி, வலிப்பில் கொண்டுபோய் விடலாம். உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரித்தால் சூடு என்று விளக்கெண்ணெய் தேய்ப்பார்கள், ஈரல் கோளாறாக இருக்கலாம். தண்ணீர்கூட நிற்காத வாந்தியில் பி1 சத்து தீர்ந்துபோனால் மூளை பாதிக்கும். அதனால்தான் அந்தச் சத்தை ஏற்றாமல் முதலில் குளுக்கோஸை ஏற்றுவதுகூட ஆபத்து. ஒவ்வொரு சாவுக்கும் முன்னால் ஒரு 'சகஜம்' எங்கேயோ சொல்லப்பட்டிருக்கும் என்ற என் சந்தேகத்தை என்னால் நிரூபிக்க முடியாது. ஏனென்றால் சொன்னது யாரும் எழுதி வைக்கிற விஷயமல்ல.

அதனால்தான் நான் எழுதி வைத்தேன். அது வீரமொன்றும் இல்லை, முடியாமல் செய்தது. எங்கள் தெருவுக்கு வருகிற நர்சம்மா தாய்-சேய் அட்டைப் பதிவுக்காக வந்தவர். நான் கட்டிலில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். அது அப்படியே நின்றது. 'அக்கா, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?' என்று கேட்டார். அத்தனை நாளில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. நவீன மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி 1963இல் எழுதிய ஃபூக்கோ, நோயாளியிடம் கேட்கும் கேள்வியே மாறியதைப் பேசுகிறார். உனக்கு என்ன என்பது போய் எங்கே வலிக்கிறது என்பது வந்தது. எங்கள் ஊரில் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறோம்: கேள்வியே வேண்டாம், ஸ்கேன் இருக்கிறது. நர்சம்மாவின் கேள்வி அந்தச் சங்கிலியை அறுத்தது. நேற்று சாயங்காலம் என்று நினைக்கிறேன் என்றேன். 'நினைக்கிறேன்னு சொன்னா அங்க கேக்கமாட்டாங்க. ஒரு நோட்டு போடுங்க. எத்தனை தடவை வாந்தி, எத்தனை தடவை ஒண்ணுக்கு, என்ன நிறம், காலைல எடை. கல்யாணத்துக்கு முந்தி என்ன எடைன்னும் எழுதுங்க. போன உடனே, யூரின்ல கீட்டோன் பாருங்கன்னு கேளுங்க. பாக்கலைன்னா, கேட்டேன் பாக்கலைன்னு சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க. எழுதச் சொன்னா பாத்துருவாங்க.' இதைவிடக் கூர்மையான சொல்லாடல் பகுப்பாய்வை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

52 கிலோ இருந்தவள் 46 ஆகியிருந்தேன். கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்பது விதி. எனக்குப் பதினொன்றுக்கு மேல். மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமிதான் கூட வந்தார்கள். டியூட்டியில் இருந்த இளம் டாக்டர், வாந்தி என்றதும் வழக்கம் போல ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மாமி அவர் முன்னால் நோட்டை விரித்துப் போட்டு, 'இதப் பாத்துட்டுப் பேசுங்க ஐயா. நாங்க சொன்னா கேக்க மாட்டிய, எழுதியிருக்குல்லா' என்றார்கள். பத்து நாள் முன்னால் ஆட்டோவில் 'பொறவு என்னட்டி' என்ற அதே வாய். டாக்டர் வாசித்தார். வாசித்துக்கொண்டே சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். கீட்டோன் நிறைய இருந்தது. பி1 ஊசி, அப்புறம் டிரிப்ஸ். ஐந்து நாள் இருந்தேன். ஆறாவது நாள் அரைத் தம்ளர் மோர் உள்ளே நின்றது.

என் நோட்டில் இலக்கியம் கிடையாது. '4.10 தண்ணி போல. 5.30 மஞ்சள். 7 ஒண்ணுக்கு இல்லை.' இப்படியே பதினொரு பக்கம். எம்.ஏ. படித்த திமிரில் முதல் நாள் மட்டும் இரண்டு உவமை எழுதியிருக்கிறேன். பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. டாக்டர் அந்த இரண்டையும் தாண்டிப் போய் எண்களைத்தான் கேஸ் ஷீட்டில் பெயர்த்து எழுதினார். எண்களுக்குத்தான் அங்கே வாய் உண்டா என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த எண்கள் நான் சொன்னவை.

பக்கத்துக் கட்டிலில் உப்பள வேலைக்குப் போகிற பெண். ஐந்தாம் மாதம் முடிந்தும் வாந்தி அடங்கவில்லை. கூலி போகுமே என்று நாலாம் மாதம் வரைக்கும் பாத்தியில் நின்றிருக்கிறார். எழுதத் தெரியாது. என் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு தாள் கிழித்துத் தரச் சொன்னார். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே. ரவுண்ட்ஸ் வந்தபோது அந்தத் தாளை நீட்டினார். டாக்டர் விரலை வைத்து எண்ணினார். பதினேழு.